பன்னு மாமா

கருப்பசாமி சீனாவிலிருந்து திரும்பி, மத்தூருக்குப் பக்கத்தில் மாமனார் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபோது, அவன் மகளுக்கு ஏற்கெனவே ஒரு அப்பா இருந்தார். ஜன்னல் கட்டையில் சார்ஜர் வயரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறம், உச்சந்தலையில் டார்ச் விளக்கு, பொத்தான்களில் பாதி எழுத்து அழிந்து போனவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு மணியடித்து, தாயி என்ன பண்றே என்று கேட்கிறவர். இரண்டு வயது லாவண்யாவைப் பொறுத்தவரை, அம்மாவின் செல்போன்தான் அப்பா. உரக்கடைக்காரர் கூப்பிட்டால்கூட "அப்பா, அப்பா" என்று ஓடிவந்து அதைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்வாள்.

குழந்தையைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது விட்டுப் போனவன் அவன். கருப்பசாமி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். சாத்தூர்க்காரன். அப்பா அம்மா இல்லை, சிவகாசியில் ஓர் அக்கா உண்டு, அவளுக்கு அவள் பாடே பெரிய பாடு. அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்த மேகலாவை விரும்பினான். அவள் அப்பா நாராயணப்பன் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மகள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சம்மதித்தார். பேத்தி பிறந்ததும் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை என்றால் ஒரு சாண் தள்ளியே வைத்துப் பேசுவார்.

புது மெஷினைப் பழகிவர நான்கு ஃபிட்டர்களை மூன்று மாதத்துக்குச் சீனாவுக்கு அனுப்பியது கம்பெனி. சாந்தோங் மாகாணத்தில் பெயர் வாயில் நுழையாத ஓர் ஊர். போன நால்வரில் மூன்று பேருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் கறி என்று தெரியாமல் ஒருவன் பட்டினி கிடந்தான், இன்னொருவன் எண்ணெய் வாசனைக்கே வாந்தியெடுத்தான். இரண்டு மாதத்துக்குள் மூவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். கருப்பசாமி மட்டும் பிழைத்துக்கொண்டான். கான்டீனில் மூங்கில் தட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கி ஆவியில் வேகவைக்கும் ஒரு பன் இருந்தது. மான்தோ என்பார்கள். உள்ளே பூரணம் கீரணம் ஒன்றும் கிடையாது. வெறும் மாவு. வெள்ளை வெளேரென்று, பிய்த்தால் நூல்நூலாக வரும். மென்று கொண்டே இருந்தால் கடைசியில் லேசாக ஓர் இனிப்பு தட்டும். மேகலா கொடுத்தனுப்பிய பூண்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு காலையில் மூன்று, மதியம் நான்கு, இரவு மூன்று என்று அதையே தின்றான்.

வயிறு ஒத்துக்கொண்டதே வினையாகப் போயிற்று. சாப்பாட்டுக்குப் பிரச்சினை பண்ணாத ஒரே ஆள் என்று கம்பெனி மூன்று மாதத்தை ஆறாக்கியது, ஆறைப் பதினான்காக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அவனுக்குப் பேச ஆள் கிடையாது. ஊருக்குப் போன் பேசி முடித்ததும் மீதி நாள் மலை மாதிரி முன்னால் நிற்கும். வெளியே பனி. அறைச் சுவரை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கான்டீன் சமையலறைக்குப் போய் அடுப்போரம் நிற்பான். அவர்களும் போ என்று சொல்லவில்லை, ஒரு மாவு உருண்டையைக் கையில் கொடுத்தார்கள். பிசைந்தான். யாருக்கும் புரியாத தைரியத்தில் அந்த மாவோடு தமிழில் பேசிக்கொண்டே பிசைந்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைத்தால் நினைக்கட்டும். ஒரு வருஷத்தில் மெஷினைப் பழகினானோ இல்லையோ, மான்தோ பண்ணப் பழகிவிட்டான்.

வந்த அன்றைக்கு லாவண்யா அவனைப் பார்த்து வீல் என்று கத்திய கத்தலில் மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டி துள்ளியது. தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். அவன் கொண்டுவந்த சாவி கொடுத்த வாத்து பொம்மை தரையில் கத்திக்கொண்டே ஓட, அதற்கும் பயந்து அழுதாள். ஆறு கவுன் வாங்கி வந்திருந்தான். ஆறில் ஒன்றுகூட அவள் தலையில் நுழையவில்லை. அவன் மனசில் இருந்த குழந்தைக்கு வாங்கியவை அவை. மேகலா மடித்துப் பீரோவில் வைத்தாள். அவள் மடித்த விதத்தைப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது.

எட்டு நாள் லீவு. அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது ஷிஃப்டில் அவன் ஓசூரில் நிற்க வேண்டும். ஓசூரில் வாடகைக்கு வீடு சொல்லி, பால் காய்ச்சத் தேதியும் குறித்துவிட்டான். மனைவியும் மகளும் கூட வரவேண்டும், இத்தனை நாள் தனியாகக் கிடந்தது போதும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே நாராயணப்பன் கேழ்வரகுக் கதிர் அடிக்கும் களத்தில் அவனை நிறுத்தி வைத்து, மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புள்ள மனசு ஒப்பி வந்தா கூட்டிக்கினு போங்க மாப்ள. அழ வெச்சி கூட்டிக்கினு போறது எனுக்கு ஒப்பல. இல்லாட்டி பொங்கல் கழியட்டும், அப்பறம் பாக்கலாம்."

அப்போது நவம்பர் மாதம். பொங்கல் கழிய இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. பதினான்கு மாதம் பொறுத்தவனுக்கு இரண்டு மாதம் பெரிதா என்று கேட்பார்கள். கரைக்கு வந்தவனுக்குத்தான் கடைசி முழத்துத் தண்ணீர் ஆழம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள். நான்காம் நாளிலிருந்து அவனுக்கே தான் அந்த வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. உள்ளறையில் அவன் படுத்தால் குழந்தை அலறுகிறாள் என்று கூடத்தில் கட்டில் போட்டார்கள். மாமியார் மாதம்மாள் பழைய மனுஷி, மாப்பிள்ளையின் எதிரில் வந்து பேசமாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்று மேகலாவிடம் சொல்லி அனுப்புவாள். காபி தானாக வரும், சோறு தானாக வரும், யாரும் எதுவும் குறை வைக்கவில்லை. மேகலா மட்டும் எப்போதாவது கூடத்துக்கு வந்து அவன் பக்கத்தில் உட்காருவாள். உட்கார்ந்த மறு நிமிஷம் உள்ளே குழந்தை சிணுங்கும். எழுந்து போவாள். சீனாவில் இருந்தபோது வீடு என்று நினைத்து ஏங்க ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு எதை நினைத்து ஏங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

லாவண்யா அவனை முற்றிலும் மறுத்தாள் என்றும் சொல்ல முடியாது. ஆறாம் நாள் அழுகையை நிறுத்தினாள். ஏழாம் நாள் மேகலா அவனைக் காட்டி, யாரு பாரு பாப்பா என்று கேட்டதற்கு "மாமா" என்றாள். விதைக்காரரும் மாமா, கரண்ட் பில் எழுத வருகிறவரும் மாமா. அந்தக் கணக்கில் இவனும் ஒரு மாமா.

குழந்தைக்கு என்னதான் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் மேகலாவிடம் கேட்டான். தட்டில் இட்லி வைத்தால் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் மெத்தென்று இருப்பதை மட்டும் நோண்டித் தின்பாள் என்றாள் மேகலா. அதைக் கேட்டதும் அவனுக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. மெத்தென்ற ஒன்றை அவனால் பண்ண முடியும். தன் பிள்ளைக்குத் தன் கையால் கொடுக்க இந்த உலகத்தில் அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மத்தூருக்குப் போய் இரண்டு கிலோ மைதா வாங்கினான். பேக்கரிக்காரர் ஈஸ்ட்டைத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு, பன் வேண்டுமென்றால் இங்கேயே சுட்டது இருக்கிறதே என்றார். வேண்டாம் என்று தலையசைத்தான். பின்கட்டில் அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாவோடு உட்கார்ந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து மாதம்மாளின் குரல் மகளுக்குக் கேட்பதுபோல் வந்தது.

"மைதாவ காச்சி சினிமா போஸ்டர் ஒட்டுவாங்க. அத்தப் போயி பச்ச புள்ளைக்கி குடுப்பாங்களா?"

வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்து, நுரைத்ததும் மாவில் ஊற்றிப் பிசைந்தான். கையில் ஒட்டாமல், காது மடலைப் போல் வழவழவென்று வரும்வரை பிசைந்தான். பழக்கதோஷத்தில் மாவோடு பேச வாயெடுத்து, மாமனார் வீடு என்ற நினைப்பு வந்து மூடிக்கொண்டான். குளிர் காலம், மாவு சட்டென்று உப்பாது. வெந்நீர் அடுப்பின் ஓரத்தில் ஈரத்துணி போட்டு மூடி வைத்தான். இரண்டு மணி நேரத்தில் குண்டான் நிறைய எழும்பி நின்றது. உருண்டை பிடித்து, மறுபடி கொஞ்ச நேரம் உப்பவிட்டு, குழியுள்ள இட்லித் தட்டு உதவாது என்று இடியாப்பத் தட்டில் துணி விரித்து அடுக்கினான். ஆவித் தண்ணீர் சொட்டாமல் இருக்க மூடிக்கும் ஒரு துணி கட்டினான்.

கால் மணி நேரம் வெந்தது. விறகை வெளியே இழுத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனான். மான்தோவில் கடைசிச் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. வெந்த உடனே மூடியைத் திறக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் அப்படியே அடங்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த காற்றுப் பட்டுச் சுருங்கிவிடும். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாதம்மாள் நாற்பது வருஷமாக இட்லி அவிப்பவள். விறகை இழுத்தாயிற்று, ஆவி வருகிறது, மாப்பிள்ளையைக் காணோம். இட்லி வெந்ததும் உடனே திறந்து தண்ணீர் தெளித்தால்தானே துணியில் ஒட்டாமல் வரும்? ஓடிவந்து மூடியைத் தூக்கினாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றித் தாராளமாகத் தெளித்தாள்.

அவன் திரும்பி வந்து பார்த்தபோது, உப்பி நின்ற பன்னெல்லாம் குளித்துவிட்டு வந்த கிழவர்கள் மாதிரி சுருங்கிக் கிடந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மாதம்மாள் சொம்பும் கையுமாக நின்றாள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எனுக்குத் தெரியாது மாப்ள. இட்லின்னா இப்பிடித்தான் செய்வோம்."

அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவன் சிரித்த முதல் சிரிப்பு. சுருங்கியதில் ஒன்றை எடுத்துப் பிய்த்து, பாதியை மாமியாரிடம் கொடுத்தான். போஸ்டர் பசை மாதிரிதான் இருக்கிறது என்று அவள் நினைத்திருக்கக் கூடும், ஆனால் முழுதும் தின்றாள்.

பாதி மாவு மிச்சம் இருந்தது. மறுபடி உருட்டி வைத்தான். இந்தத் தடவை நகரவில்லை. விறகை இழுத்துவிட்டு, யார் வந்தாலும் விடமாட்டேன் என்பதுபோல மூடியின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். இதுவரை லாவண்யா பார்த்த மாமாக்களில் யாரும் ஒரு பானையைப் பிடித்துக்கொண்டு இப்படி அசையாமல் உட்கார்ந்ததில்லை. கதவோரம் ஒரு கண் தெரிந்தது. பிறகு பாதி முகம் தெரிந்தது. அவன் திரும்பவில்லை, திரும்பினால் ஓடிவிடுவாள் என்று தெரியும். கொலுசுச் சத்தம் கிட்டே வந்து நின்றது.

மூடியைத் தூக்கினான். வெள்ளையாக ஆவி எழுந்து, அது விலகியதும் பன்னிரண்டு மான்தோ குண்டுகுண்டாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தன. லாவண்யா "ஹா" என்றாள். அவன் ஒன்றை எடுத்து ஊதி, மேல்தோலை மெல்ல உரித்து, உள்ளிருக்கும் மெத்தென்றதைப் பிய்த்து நீட்டினான். அவள் யோசித்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மென்று, இன்னும் என்று கையைக் காட்டினாள். இரண்டாவது துண்டை அவன் விரலிலிருந்தே வாயால் கவ்வினாள். "பன்னு மாமா" என்று அவனுக்குப் பெயரும் வைத்தாள்.

களத்திலிருந்து வந்த நாராயணப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மேகலா அவனைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் ஓசூர் வீட்டில் பாலே காய்ச்சிவிட்டதுபோல் இருந்தது. நாராயணப்பன் ஒரு மான்தோவை எடுத்துக் கடித்து, பரவாயில்லையே என்று தலையாட்டினார். துணிமணி எடுத்து வை என்று மகளிடம் சொல்லவும் வாயெடுத்தார்.

அப்போது லாவண்யா தன் பங்கிலிருந்து பெரிய துண்டாக ஒன்றைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். ஜன்னல் கட்டையிலிருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் துண்டை அதன் பொத்தான்களின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அப்பா, ஆ" என்றாள்.

மேகலா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கருப்பசாமியைக் காட்டி, "இதான் கண்ணு அப்பா. பாரு, அப்பா" என்றாள். லாவண்யா அவனைப் பார்த்தாள். பெரியவர்கள் இப்படியும் தப்பாகச் சொல்வார்களா என்று சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "மாமா" என்று அவனையும், "அப்பா" என்று போனையும் தொட்டுக் காட்டித் திருத்தினாள். அப்பா வாய் திறக்காததால் முகம் வாடி, இன்னும் கொஞ்சம் அழுத்தி, "அப்பா ஆ, ஆ" என்று கெஞ்ச ஆரம்பித்தாள்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். கருப்பசாமி செருப்பைக்கூடப் போடாமல் பின்வாசல் வழியாக இறங்கி நடந்தான். இரண்டு வயல் தள்ளி, கிணற்று மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில்தான் டவர் நன்றாகக் கிடைக்கும். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டான்.

ஒரே மணியில் லாவண்யாவின் குரல் கேட்டது. எடுத்துக் கொடுத்தது மேகலாவாக இருக்கும்.

"அப்பா?"

"என்ன தாயி பண்றே?" என்று கத்தினான். ஒரு வருஷமாகக் கடல் தாண்டிக் கத்திப் பழகிய குரல் அது. மாமனார் வீட்டுக்குள் வாயே திறக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தவனின் குரலோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் இவனைக் கண்டுகொள்ளாததில் என்ன அதிசயம்? "அப்பாவுக்கு என்ன தாயி குடுத்தே?"

"பன்னு."

"தின்னேன் தாயி. நல்லா மெத்துன்னு இருந்துச்சு. யாரு பண்ணிக் குடுத்தா?"

"மாமா."

அந்த மாமாதான் அப்பா என்று சொல்லத்தான் வந்திருந்தான். மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்துகொண்டான். சொல்லி அவள் நம்பினால்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் வந்த அப்பா, எந்நேரமும் கூடவே இருந்த அப்பா, இல்லாமல் போய்விடுவாரே. அவளுக்கு இருப்பது அந்த ஒரு அப்பாதான். அவரையும் பறித்துக்கொண்டு பதிலுக்குக் கொடுக்க இவனிடம் என்ன இருக்கிறது? எட்டு நாள் பழக்கமும் ஒரு தட்டு மாவும்தான். தன் மேலேயே பொறாமையாக இருந்தது அவனுக்கு. அந்தப் பொறாமையை விழுங்கிக்கொண்டு சொன்னான்.

"அந்த மாமா நல்லவரு தாயி. அவரு கூட பஸ்ஸுல ஏறி ஓசூருக்கு வந்துரு. அப்பா அங்கனதான் இருக்கேன்."

"மாமா தூக்கும்?"

"தூக்குவாரு. அழாம வருவியா?"

"ம்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் வரப்பில் ஏறி வீடு வந்து சேர்ந்தபோது அவள் பின்வாசல் படியில் நின்றிருந்தாள். ஒரு கையில் மாவு ஒட்டிய போன். மற்றக் கையை மேலே தூக்கினாள்.

"மாமா, தூக்கு. அப்பாகிட்ட போலாம்."

தூக்கினான். அவன் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தாள். மாதம்மாள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நாராயணப்பன் வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணி எடுத்து வைக்கச் சொல்லி மகளிடம் சொன்னார். மேகலா ஆறு கவுனையும் பீரோவிலேயே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பையில் அடுக்கினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் மாமாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, கிருஷ்ணகிரியிலிருந்து குருபரப்பள்ளி தாண்டும்வரை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தாள் லாவண்யா. இன்னும் கொஞ்ச தூரம்தான் தாயி, இந்தா வந்துருவாரு என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே வந்தான் கருப்பசாமி.